குடிகளை விரட்டிய கோமகன்

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் கோல்ஸ்பி என்ற ஊருக்கு மேலே, குன்றின் உச்சியில் ஒரு சிலைத்தூண் நிற்கிறது. நூறடி உயரம். 1833-ல் இறந்த சதர்லாந்துக் கோமகனுக்கு, நன்றியுள்ள குடியானவர்கள் எழுப்பியதாம். கல்லிலே வெட்டியிருக்கிறார்கள். அந்தக் குடியானவர்களின் கதையை நாம் கேட்போம்.

இவர் பார்லிமெண்டு மெம்பர்; பாரிசில் பிரிட்டிஷ் தூதராகவும் இருந்தவர். 1785-ல் சதர்லாந்துச் சீமாட்டியை மணந்தார். ஒரு ஜில்லா அளவு நிலம் கைக்கு வந்தது. ஆலைகளோ கம்பளி கேட்டன. ஆடு விட்டால் குத்தகை கூடும், ஆள் எதற்கு?

1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் காரியஸ்தர் பாட்ரிக் செல்லார் குடிசைகளுக்குத் தீ வைக்கச் செய்தார். உத்தரக்கட்டை மிஞ்சினால் மறுபடி வீடு கட்டிவிடுவார்களே! படுக்கையில் கிடந்த கிழவியை எரிகிற வீட்டிலிருந்து தூக்கிவந்தார்கள். சில நாளில் செத்தாள். 1816-ல் இன்வர்னெஸ் நகரில் வழக்கு நடந்தது. ஜூரிகளில் நிலச்சுவான்தார்களே அதிகம். விடுதலை! காலியான நிலத்தில் ஆட்டுப்பண்ணைக் குத்தகை எடுத்தது யார் தெரியுமா? அதே செல்லார்தான்.

1820-க்குள் 15,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள், 1825-க்குள் அவர்கள் இடத்தில் 1,31,000 ஆடுகள் என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் கணக்குச் சொல்கிறார். விரட்டியவர்களுக்குக் கடலோரத்தில் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் தரிசு ஒதுக்கினார்கள். தர்மமாக அல்ல, தோழர்களே. அந்தத் தரிசுக்கும் ஏக்கருக்கு இரண்டரை ஷில்லிங் குத்தகை வாங்கினார்கள்!