தஞ்சைக் கல்வெட்டில் பணியாளர் நிர்வாகம்

(திருக்கோயில் அலுவலர்கள், பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஒரு திருக்கோயிலில் முப்பது ஆண்டுகள் தவில் வாசித்த கலைஞர் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய மனைவி தம் மகனை அழைத்துக்கொண்டு செயல் அலுவலரின் அறைக்கு வருகிறார். குடும்பத்திற்கு வேறு வருவாய் இல்லை. மகனுக்குத் தவில் வாசிக்கத் தெரியாது. மாலையில் சாயரட்சைக்கோ மங்கல இசை வேண்டும். வருகைப் பதிவேட்டையும் விடுப்புக் கணக்கையும் எவரும் ஓரிரு மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். பணியாளர் நிர்வாகத்தின் கடினமான பகுதி இந்த அறையிலேதான் தொடங்குகிறது.

இதே இக்கட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணிப் பார்த்து, அதற்குரிய விடையைக் கல்லில் வெட்டுவித்தவன் முதலாம் இராசராச சோழன். தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலில் அம்மன்னனின் 29-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. சோழ மண்டலத்தின் பல்வேறு திருக்கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பெற்ற 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலே அதன் பெரும்பகுதி. ஆடல் பாடல் பணிக்கென வந்த அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் வழங்கப்பெற்றன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

பட்டியல் எழுதப்பெற்ற முறை கருதத்தக்கது. இத்தனை பேர் என்று தொகை கூறி அது நிறுத்திக்கொள்ளவில்லை. எந்தத் தெரு, அத்தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் திருக்கோயிலிலிருந்து வந்தவர், அவர் பெயர் யாது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குறிக்கிறது. தெற்குத் தளிச்சேரியில் தென்சிறகின் தலைவீடு, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கைக்கு உரியது. இவ்வாறே திருவாரூர், பழையாறு, நாகப்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து வந்தோரின் பெயர்களும் தொடர்கின்றன. நட்டுவர், இசைக்கருவி வாசிப்போர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கிடுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் ஆகியோரும் அதே கல்வெட்டில் இடம்பெறுகின்றனர். எல்லோருக்கும் ஊதியம் ஒன்றாக இல்லை. நட்டுவர்க்கு இரண்டு பங்கு, வேறு சிலருக்கு அரைப் பங்கு. எனினும் விளக்கிடுபவரும் ஏட்டுக்குள் வந்துவிட்டார். இன்று பல அலுவலகங்களில் துப்புரவுப் பணியாளரின் பெயர் ஒப்பந்தக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் மட்டுமே இருக்கிறது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

நெல்லை எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதும் கூறப்பெற்றுள்ளது. ஆடவல்லான் என்பது அம்மரக்காலின் பெயர். அளவு கருவியைப் பெயர் சொல்லி நிலைநிறுத்திவிட்டால், அளந்து கொடுப்பவரின் கை சுருங்க வழியில்லை. ஊதியத் தகராறுகளில் பாதி, தொகையைப் பற்றியன அல்ல. கணக்கிடும் முறையைப் பற்றியனவே.

இனி, தவில் கலைஞரின் குடும்பத்திற்கு வரலாம். பணியாளர் ஒருவர் இறந்தாலோ, ஊரைவிட்டு வேற்றூர் சென்றாலோ, அவருக்கு நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுக்கொண்டு அப்பணியைச் செய்ய வேண்டும் என்கிறது கல்வெட்டு. அவ்வுறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய ஒருவரை அமர்த்திப் பணியைச் செய்வித்துப் பங்கைப் பெற வேண்டும். நெருங்கிய உறவினரே இல்லையாயின், அப்பணியில் உள்ள ஏனையோர் கூடித் தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிக்க இருவரையும் அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் மூன்று குருணி நெல் அளித்த மற்றொரு கல்வெட்டிலும் இதே விதி உண்டு.

குடும்பத்தின் பசியும் பணியின் தகுதியும் இங்கு வெவ்வேறாகப் பிரித்து நோக்கப்பெற்றன. மகனுக்கு வாசிக்கத் தெரியாது என்பதற்காக அடுப்பு அணைந்துவிடவில்லை. அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகத் தெரியாதவன் கையில் மத்தளம் கொடுக்கப்படவும் இல்லை. மூன்றாம் விதியோ இன்றைய நிர்வாகிகளையும் வியப்பில் ஆழ்த்தும். உடன் பணிபுரிவோரே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யாருக்குத் தாளம் நிற்கும் என்பதை அருகில் அமர்ந்து வாசிப்பவரைவிட அறிந்தவர் யார்?

ஆயினும் இவ்விதியை அப்படியே போற்றிவிடுதல் முறையன்று. உறவினர் பங்கைப் பெற, வேறொருவர் உழைத்தார்; உழைத்தவருக்கு எவ்வளவு நெல் போய்ச் சேர்ந்தது என்பதைக் கல்வெட்டு வரையறுக்கவில்லை. ஏட்டில் ஒரு பெயரும் பணியிடத்தில் வேறோர் ஆளுமாக இருக்கும் ஏற்பாடு எக்காலத்திலும் எளியவரைச் சுரண்ட இடம் தருவது. பரம்பரை உரிமையும் அவ்வாறே காலப்போக்கில் தகுதியைப் பின்னுக்குத் தள்ளியது. அர்ச்சகர் உள்ளிட்ட திருக்கோயில் பணிகளில் பரம்பரை உரிமையை நீக்கித் தமிழ்நாட்டில் 1970-இல் சட்டத் திருத்தம் செய்யப்பெற்றது. அந்நீக்கத்தை 1972-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கருணை அடிப்படையிலான பணி நியமனம் குறித்து அதே நீதிமன்றம் 1994-இல் அளித்த தீர்ப்பு, அது திடீர் நெருக்கடியிலிருந்து குடும்பத்தைக் காப்பதற்கே உரியது, வாரிசுச் சொத்து அன்று என்றது. இரண்டையும் பிரித்து நோக்கும் கண் இங்கும் வேண்டப்படுகிறது.

ஆகவே அந்தச் செயல் அலுவலர் முதற்கண் செய்யத்தக்கது, சேம நல நிதி, பணிக்கொடை, குடும்ப உதவி என்று அக்குடும்பத்திற்குச் சட்டப்படி உரியவற்றை அலைக்கழிக்காமல் விரைந்து பெற்றுத் தருவது. மகனுக்கு எந்த வேலையில் தகுதி உண்டோ அதற்கு விதிகளில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்தது. தவிலுக்குத் தவில் அறிந்தவரையே நாட வேண்டும். அவருக்கு உரிய ஊதியம் அவர் பெயரிலேயே வழங்கப்பட வேண்டும். இவை மூன்றும் மூன்று கோப்புகளாக இருத்தல் நன்று. ஒரே கோப்பில் கட்டினால், ஒன்று தேங்கும்போது மூன்றும் தேங்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்த 400 பெண்டிரும் தத்தம் ஊர்களைவிட்டு இடம் மாற்றப்பெற்றவர்கள். பெற்றோரைப் பிரிந்து வந்தவர் எத்தனை பேரோ, மனமுவந்து வந்தவர் எத்தனை பேரோ! வீட்டின் வரிசையைத் துல்லியமாகக் கூறும் கல்வெட்டு, அவர்களிடம் விருப்பம் கேட்கப்பெற்றதா என்பதைக் கூறவில்லை. இடமாறுதல் ஆணையில் கையெழுத்திடும் முன்னர் அக்கேள்வியைக் கேட்க அலுவலருக்குச் சில நிமிடங்களே ஆகும்.

தஞ்சைக்குச் செல்வோர் விமானத்தை அண்ணாந்து நோக்கியபின், திருச்சுற்றின் புறச்சுவரையும் ஒருமுறை காணலாம். சேரமங்கையின் வீடு இன்று இல்லை. பெயர் அங்கே இருக்கிறது.