காலியாகப் போகிற நாற்காலி

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"குறைந்த செலவில் சொகுசுப் பயணம்" என்பது செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிறவனுக்கு இந்தத் தலைப்பா என்று கேட்டேன். "வருஷத்துக்கு நாலு தடவை கொரியா போயிட்டு வர்றவன் நீதானேய்யா, வேற யாரைக் கேட்கிறது?" என்றார். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வந்துவிட்டேன்.

நான் படிப்பை முடித்த 1996ஆம் ஆண்டில்தான் ஹூண்டாய் இந்தியாவுக்குள் நுழைந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. கொரியாக்காரரும் ஜப்பான்காரரும் ஜெர்மானியரும் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தார்கள். நம் பையன்கள் பயிற்சிக்கென்று அவர்கள் ஊருக்குப் போனார்கள். விமானச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்த தலைமுறை, பாஸ்போர்ட்டில் பக்கம் தீர்ந்துபோகிற அளவுக்குப் பறந்தது.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். கம்பெனி செலவில் பறக்கிறவரைக்கும் பறப்போம். சொந்தச் செலவில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது, "அதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று ஒதுங்கிவிடுவோம். விலை தெரிந்து ஒதுங்கினால் சரி. விசாரிக்காமலே ஒதுங்குகிறோமே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

நாம் இன்ஜினியர்கள். அந்த வழியிலேயே யோசிப்போம். ஒரு கார் இன்றைக்கு விற்கவில்லை என்றால் யார்டில் நிற்கும். நாளைக்கு விற்றுக்கொள்ளலாம். விமான நாற்காலியை அப்படி நிறுத்திவைக்க முடியுமா? விமானம் கிளம்பியபிறகு காலி நாற்காலிக்கு விலை பூஜ்யம். ஹோட்டல் அறையும் அப்படித்தான், ராத்திரி போனால் போனதுதான். அதனால் காலியாகப் போவதைவிட வந்த விலைக்குக் கொடுக்கலாம் என்று விற்கிறவர் நினைக்கிற நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் நாம் அங்கே இருக்க வேண்டும். இன்று நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இவ்வளவுதான்.

முதலில் விமானம். எகானமிக்கும் பிசினஸ் வகுப்புக்கும் நடுவில் பிரீமியம் எகானமி என்று ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் தைவானின் ஈவா ஏர் போன்ற நிறுவனங்கள் கொண்டுவந்த ஏற்பாடு. நம் நாட்டில் 2015இல் விஸ்தாரா கொண்டுவந்தது. அந்த நிறுவனம் 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. கால் நீட்டக் கொஞ்சம் கூடுதல் இடம், சாய்வதற்குக் கொஞ்சம் கூடுதல் சரிவு. முட்டி வலிக்காரர்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

மேல் வகுப்புக்குப் போக மூன்று வழிகள். முதல் வழி ஏலம். எகானமி டிக்கெட் வாங்கியபின், "மேல் வகுப்புக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று மலேசியா ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்களே கேட்கும். குறைந்தபட்சத் தொகைக்குக் கொஞ்சம் மேலே சொல்லிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பணம் போகாது. ஆனால் கிடைத்துவிட்டால் பொதுவாகத் திரும்ப வராது, ஆகவே கையிலிருக்கும் பணத்தையே சொல்லுங்கள். வழியில் விமானம் மாறுகிற பயணம் என்றால், இரவில் நீளமாகப் பறக்கிற கட்டத்துக்கு மட்டும் கேளுங்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிற அரைத் தூக்கத்துக்கு எதற்குச் சொகுசு?

இரண்டாவது வழி, செக்-இன் நேரம். ஆப்பிலும் கவுண்டரிலும் மிச்சமுள்ள இருக்கைகளைக் குறைத்துக் கொடுப்பதுண்டு. மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? "இல்லை" என்பார்கள், அவ்வளவுதானே.

மூன்றாவது வழி மைல்கள். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் தொடங்கிய பழக்கம் இது. பெரும்பாலான திட்டங்களில், டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது கம்பெனி என்றாலும் மைல் சேர்வது பயணம் செய்கிறவர் பெயரில்தான். உங்கள் கம்பெனி விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 1997இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் ஏர் இந்தியா 2014இல் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, ஏ.என்.ஏ எல்லாம் அதே கூட்டணி. ஃபிராங்க்பர்ட் போனதையும் சிங்கப்பூர் போனதையும் ஒரே கணக்கில் சேர்க்கலாம். ஆனால் மைலுக்கு ஆயுள் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கணக்கில் மூன்று வருஷம். மிகமிகக் குறைந்த கட்டண டிக்கெட்டுக்கு மைலே சேராமலும் போகலாம். சேர்த்த மைலில் சூட்கேஸ் வாங்காதீர்கள். நீண்ட பயணத்தில் வகுப்பு உயர்த்தப் பயன்படுத்தினால்தான் பெரும்பாலும் அதற்கு நல்ல மதிப்பு.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 18 சதவீதம். விளம்பரத்தில் போட்ட விலையைப் பார்க்காமல் கடைசியில் கட்டுகிற தொகையைப் பாருங்கள்.

விமானம் ஏறாதவர்களுக்கும் ஒரு செய்தி. ரயில் டிக்கெட் போடும்போது 'ஆட்டோ அப்கிரேடேஷன்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் டிக் செய்யுங்கள். முழுக் கட்டணம் கட்டியிருந்து, மேல் வகுப்பில் இடம் காலி இருந்தால், சார்ட் போடும்போது உங்களை ஏற்றிவிடலாம். ஒரு காசு கூடுதல் கிடையாது. 2006இலேயே ரயில்வே கொண்டுவந்த திட்டம் இது.

இனி ஹோட்டல். நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து பிசினஸ் ஹோட்டல்கள் திங்கள் முதல் வியாழன் வரை தொழிற்சாலைக்கு வருகிறவர்களை நம்பி நடப்பவை. சனி ஞாயிறு வந்தால் அறைகள் ஓய்ந்து கிடக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மாமல்லபுரத்திலும் இதற்கு நேர்மாறு. சனி ஞாயிறு கூட்டம், செவ்வாய் புதன் காலி. ஷிப்டில் வேலை செய்து வாரநாளில் விடுப்புக் கிடைக்கிறவர்களே, உங்களை எல்லோரும் பாவம் என்பார்கள். கடற்கரை விடுதியில் உங்கள் விடுப்புக்குத்தான் மதிப்பு அதிகம்.

இங்கேயும் வரியைப் பாருங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,770. 7,600 ரூபாய் அறைக்கு 8,968. வாடகையில் வித்தியாசம் 200, பில்லில் வித்தியாசம் 1,198! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அழகான தங்குமிடம் என்றால் கண்ணாடி மாளிகைதான் என்றில்லை. காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்' என்று செட்டிநாட்டு வீடுகளே விடுதிகளாக இருக்கின்றன. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். வெயில் மாதங்களில் வெளிநாட்டவர் வரத்துக் குறையும், வாடகையும் இறங்கும். விலையை நேரில் போன் போட்டும் ஒருமுறை கேளுங்கள்.

கேட்பது என்றேனே, நமக்குக் கஷ்டமே அதுதான். எங்கள் பிரிவில் ஒரு பையன், கிராமத்திலிருந்து வந்து முதல் பட்டதாரியானவன். முதல் தடவையாக வெளியூரில் பெரிய ஹோட்டலில் தங்கினான். நாலு நாளும் காலையில் வெளியே போய் பன்னும் டீயும் சாப்பிட்டிருக்கிறான். காலைச் சாப்பாடு வாடகையிலேயே சேர்ந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. "கேட்டா சிரிப்பாங்களோன்னு இருந்துச்சு சார்" என்றான். எனக்கு மனசு ஆறவில்லை.

வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விவரமெல்லாம் சாப்பாட்டு மேஜையிலேயே கிடைத்துவிடுகிறது. நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? சீனியர்கள் நாம்தான் சொல்ல வேண்டும். ரிசப்ஷனில் கைகட்டி நிற்காதே, தமிழிலேயே கேள், காலைச் சாப்பாடு உண்டா, அறையைத் தாமதமாகக் காலி செய்யலாமா, கம்பெனிக்குத் தனி வாடகை உண்டா என்று கேள். இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும்.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே தவணையில் சுற்றுலா போகாதீர்கள். நாலு நாள் கடற்கரைக்குப் பன்னிரண்டு மாதம் வட்டி கட்டினால் அது சொகுசு இல்லை, சுமை.

கடைசியாக ஒரு விஷயம். சொகுசு என்று எதைச் சொன்னாலும், அடியில் இருப்பது நிம்மதியான தூக்கம்தான். 2024 ஆகஸ்டில் வல்லம்-வடகாலில் தொழிலாளர்களுக்காக, முக்கியமாகப் பெண்களுக்காக, 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்களே, அதன் அருமை இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்குத் தெரியும். நம்மை ஹோட்டலில் இறக்கிவிட்டு, வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துப் படுக்கிற டிரைவரைப் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையில் நம் உயிர் அவர் கையில்தான். பல ஹோட்டல்களில் டிரைவர்களுக்குப் படுக்கை வசதி உண்டு. இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு சாதாரண லாட்ஜில் போட்டுக் கொடுங்கள். நமக்கு அறை பதிவு செய்யும்போதே, "டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள்.

முதன்முதலாக விமானம் ஏறப்போகிற ஜூனியர்கள் யார் என்றாலும், கூச்சப்படாமல் இன்று மதியச் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.