பட்டம் போனால் பரம்பரை போகாது



“சாதிப் பட்டத்தை வெட்டியதால் நம் வரலாறே அறுந்துவிட்டது. தாத்தாவுக்குத் தாத்தா யாரென்று தேட வழியில்லை.” படித்த இளைஞர்களே இப்போது இப்படிப் பேசுகிறார்கள். சமூக ஊடகக் கணக்குகளில் பெயருக்குப் பின்னால் பட்டம் திரும்பி வருகிறது. கேட்டால், “இது சாதி இல்லை, வேர்” என்கிறார்கள். பழைய ஆவணங்களோடு மல்லுக்கட்டும் ஆய்வாளர் என்ற முறையில் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம். நம் ஊர்ப் பட்டம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பொது. அதை வைத்து உங்கள் கொள்ளுத்தாத்தாவை அடையாளம் காண முடியாது. எந்தத் தெருவில் அவருக்கு இடம் கொடுத்தார்கள் என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

நம்மிடம் வேறொரு வழி உண்டு. பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். பழைய பத்திரங்களில் ‘காத்தான் மகன் முனியன்’ என்று வரும். அடுத்த தலைமுறையில் ‘முனியன் மகன் காத்தான்’ என்று வரும். ஒன்றுவிட்டு ஒன்று திரும்பும் பெயரோடு ஊரையும் ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் தலைமுறைகளைப் பிரித்துவிடலாம். இதற்குப் பட்டம் தேவையே இல்லை. ஆனால் நிலம் இருந்தவருக்குத்தானே பத்திரம்? நிலம் மறுக்கப்பட்ட சேரி மக்களின் முன்னோரை அந்தக் காகிதங்களில் காண்பது அரிது. அவர்களுடைய வரலாறு அங்கேதான் அறுக்கப்பட்டது.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை பதிவேட்டில் எழுதினார்கள். போன இடத்தில் சிலருக்கு முன்னோரின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது: முனுசாமி, பெருமாள், கோவிந்தசாமி. வேறு சிலருக்குப் பட்டம் நிலைத்தது. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், முதலியார் ‘மூட்லி’ ஆனார். கடல் கடக்கும்போது சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. இன்று டர்பனில் இருப்பவர் பட்டத்தை மட்டும் நம்பி இங்கே தேடி வந்தால், சம்பந்தமில்லாத வீட்டுக் கதவைத் தட்டக்கூடும். கப்பல் எண், தகப்பன் பெயர், கிராமம் மூன்றும் பொருந்தினால்தான் ஊர் பிடிபடும்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதனால் எந்தப் பரம்பரை அழிந்தது? ஈ.வெ.ரா. என்ற பெயரில் ஈரோடு இருக்கிறது, தகப்பனார் வெங்கட்டரும் இருக்கிறார். விட்டுப்போனது ‘நாயக்கர்’ மட்டுமே.

நம் பெயர் முறையில் உண்மையான ஓட்டை ஒன்று உண்டு. இனிஷியலில் பெரும்பாலும் அம்மா இல்லை. திருமணமானால் பெண்ணின் இனிஷியல் கணவனுடையதாகிறது. பிறந்த வீட்டின் தடம் காகிதத்திலிருந்து மறைகிறது. பட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தாலும் இந்தக் குறை தீராது. வேர் தேடுகிறேன் என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் அம்மாச்சியின் தாயார் பெயர் என்ன?

பாட்டிமார் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். பெயர், பிறந்த ஊர், யார் நிலத்தில் வேலை செய்தார்கள், ஊரை விட்டு ஏன் கிளம்பினார்கள் என்று கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். நிலம் இல்லாதவர்களுக்கு இனி அதுதான் பத்திரம்.