தோழிக்கு ஒரு நாவல்



‘இளையோர் விரும்பிப் படிக்கும் நாவல்கள்’ என்பது எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் பொருள். இதைப் பற்றிப் பேசப் பேராசிரியர்கள் பலர் இருக்க, பதினேழு வயது மாணவி ஒருத்தியை அழைத்தது ஏன் என்று உங்களிற் சிலர் எண்ணலாம். உணவின் குணங்களை மருத்துவர் எடுத்துரைப்பார். பசியைப் பற்றிப் பசித்தவர்தாமே சொல்ல வேண்டும்? அந்த ஓர் உரிமையைக் கொண்டே நான் பேச முற்படுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது செகந்திராபாத்தில். நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806ஆம் ஆண்டில் பெயர் பெற்ற நகரம் இது. ஆங்கிலேயர் படைப் பாளையம் இங்கே அமைந்த காலந்தொட்டுத் தமிழர்கள் வந்து குடியேறினர். சோமசுந்தர முதலியார் 1862இல் தொடங்கிய பள்ளியே பின்னர் மகபூப் கல்லூரி எனப் பெயர் பெற்றது. சிகாகோ செல்வதற்கு முன், 1893 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் சொற்பொழிவாற்றியது அங்கேதான். ஆகவே இந்த மண்ணில் தமிழர் நேற்று வந்தவர் அல்லர். ஆனால் இங்கே தமிழ் நிலைப்பது, ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகத் தன் கையில் எடுத்துக்கொள்வதைப் பொறுத்ததாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் தமிழ். தெருவில் தெலுங்கும் உருதுவும். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். 2018ஆம் ஆண்டில் தெலங்கானாவில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடமாயிற்று. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது முறையே; அதில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு. எனினும், எங்களிற் பெரும்பாலோருக்குத் தமிழ் எழுத்தைப் பயிலும் பள்ளிக்கூடம் வீடு ஒன்றே என்பதையும் மறப்பதற்கில்லை.

என்னைப் போல் வெளி மாநிலத்தில் வளரும் பிள்ளைகளிடம் நான் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். ஐந்து வயதில் அம்மாவின் அருகில் அமர்ந்து எழுத்தைக் கற்கிறார்கள். எட்டு வயதில் படக்கதைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். பத்து, பதினொரு வயதில் அந்தப் படிப்பு நின்றுவிடுகிறது. அது நின்றதை ஒருவரும் கவனிப்பதில்லை. ஏனெனில் பேச்சு நிற்பதில்லை. ஊரிலுள்ள பாட்டியுடன் தொலைபேசியில் தமிழிலேயே பேசுகிறார்கள். விழா மேடையில் தமிழ்ப் பாட்டும் பாடுகிறார்கள், சில வேளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு! ஆனால் ஒரு முழுப் பக்கத்தைத் தமிழில் படித்துச் சிரிக்கவோ கண் கலங்கவோ அவர்களால் இயலுவதில்லை. நாளை தம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிக்க அவர்களிடம் எழுத்து இராது.

இதற்குக் காரணம் சோம்பல் என்று பெரியோர் கூறுவர். அதே பிள்ளைகள் எழுநூறு பக்க ஹாரி பாட்டர் நாவலை ஆங்கிலத்தில் இரண்டே நாளில் படித்து முடிக்கிறார்களே! தமிழில் அவர்கள் கைக்கு வருவது என்ன? முயலும் ஆமையும் பந்தயம் ஓடிய கதை வரும். அல்லது நன்னெறி புகட்டும் அறிவுரை நூல் வரும். பதினான்கு வயதில் முயல் சலித்துவிடுகிறது. அறிவுரையோ, வீட்டிலேயே நாள்தோறும் விலையின்றிக் கிடைக்கிறது.

முன்னாளில் இந்த இடைவெளியை இதழ்கள் ஓரளவு நிரப்பின. 1947 ஜூலையில் தெலுங்கில் ‘சந்தமாமா’வும் தமிழில் ‘அம்புலிமாமா’வும் ஒருங்கே பிறந்தன. என் தாத்தா தமிழில் படித்த வேதாளக் கதையை அடுத்த வீட்டுத் தாத்தா தெலுங்கில் படித்திருக்கிறார். இருவரும் அந்தப் படங்களைப் பற்றி இன்றும் பேசி மகிழ்கிறார்கள். பின்னர் 1972இல் ‘கோகுலம்’ வந்தது. வாண்டுமாமாவின் கதைகளுக்காகப் பிள்ளைகள் காத்திருந்த காலம் அது. இன்று ‘அம்புலிமாமா’ வெளிவருவதில்லை. அந்தத் தாத்தாக்களுக்கு மாதந்தோறும் அஞ்சலில் வந்து சேர்ந்த இன்பத்தை நாங்கள் தேடிப் பெற வேண்டியிருக்கிறது.

சிறுவர் கதைக்கும் பெரியவர் நாவலுக்கும் நடுவே இளையோர்க்கென ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் உலகத்திலேயே பழையதன்று. அமெரிக்க நூலகச் சங்கம் இளையோர் பணிக்கென ஒரு தனிப் பிரிவை 1957ஆம் ஆண்டில்தான் அமைத்தது. பத்தாண்டுகள் கழித்து, 1967இல், ‘தி அவுட்சைடர்ஸ்’ என்ற நாவல் வெளிவந்தது. அதை எழுதிய எஸ். ஈ. ஹிண்டன் அப்போது பதினெட்டு வயதுப் பெண். எழுதத் தொடங்கியபோது அவருக்குப் பதினைந்து வயது. தம் வயதினரின் உண்மையான வாழ்க்கை நூல்களில் இல்லையே என்ற குறையால் தாமே எழுதினார். நாவலில் எங்கள் வயதினர் தேடுவதும் அதையே: வீட்டாரைக் கேளாமல் ஒரு முடிவை முதன்முதலாகத் தானே எடுக்க நேர்ந்த ஒருவனின், அல்லது ஒருத்தியின், கதை. அது சோழநாட்டில் நடந்தாலும் விண்வெளியில் நடந்தாலும் எங்களுக்கு ஒன்றே.

தமிழில் அத்தகைய நாவல்கள் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. நான் படித்து மகிழ்ந்து, என் தோழியர்க்கும் கொடுத்துப் பார்த்த சிலவற்றை இப்போது சொல்லுகிறேன்.

தமிழை மெல்லப் படிப்பவர்க்கு நான் முதலில் கொடுப்பது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. சிறு சிறு வாக்கியங்கள், விறுவிறுப்பான உரையாடல், பேசவும் சிந்திக்கவும் வல்ல ஜீனோ என்னும் இயந்திர நாய். 1980களில் எழுதப்பட்ட அந்நாவல் நாம் வாழும் இந்த 2020களையே எதிர்காலமாகக் கற்பனை செய்கிறது. ஆசிரியர் எண்ணியவற்றுள் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பதே ஒரு விளையாட்டு. என் தோழி ஒருத்தி தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முதல் வாரத்தில் இருபது பக்கம் கடந்தாள். மூன்றாம் வாரத்தில், ஜீனோவுக்கு என்ன நேருமோ என்று இரவு பதினொரு மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். நான் சொல்லவில்லை, ஆகவே அவளே படித்து முடித்தாள்.

வரலாற்றுக் கதை விரும்புவோர்க்குக் கல்கி இருக்கிறார். ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாக வந்தபின், அந்நாவலைக் கேட்கும் நண்பர்கள் பெருகிவிட்டனர். ஆனால் ஐந்து பாகங்களைக் கண்டதும் மலைத்துப் போகிறார்கள். அவர்களிடம் ‘பார்த்திபன் கனவை’ முதலில் படிக்கச் சொல்லுகிறேன். 1941இல் தொடராக வரத் தொடங்கிய அந்நாவல் அளவிற் சிறியது. தந்தையின் கனவைச் சுமக்கும் இளவரசன் விக்கிரமனின் கதை. சிவனடியார் யார் என்ற மர்மம் கடைசிவரை கைவிடாது இழுத்துச் செல்லும். அதை முடித்தவர்க்கு வந்தியத்தேவன் அந்நியன் அல்லன். குதிரையையும் வாயையும் ஒருங்கே அடக்கத் தெரியாமல் வம்பில் மாட்டிக்கொள்ளும் அந்த இளைஞன், எங்கள் வகுப்பிலேயே இரண்டு மூன்று பேரை நினைவூட்டுவான். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் போன்ற இணைய நூலகங்களில் அவற்றை விலையின்றிப் படிக்கலாம். ஆதலால் நாக்பூரிலோ கௌஹாத்தியிலோ வாழ்வோர் புத்தகக் கடை இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

அண்மைக் காலத்தில் ‘இளையோர் நாவல்’ என்ற பெயருடனேயே நூல்கள் வருகின்றன. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ அவற்றுள் ஒன்று. 2023ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றது. வைகைக் கரையிலுள்ள கீழடியில் அகழ்வாய்வு தொடங்கியபின் வெளிப்பட்ட பழமையை, ஒரு சிறுவனின் விடுமுறையோடு இணைத்துச் சொல்லும் கதை. கீழடியின் பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்ற பெயர் கீறப்பட்டிருப்பதை அறிந்தவர்க்கு அந்தத் தலைப்பே ஒரு சிலிர்ப்பைத் தரும். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ மிகச் சிறியது. ஒரே மாலையில் படித்துவிடலாம். கேள்வி கேட்டதற்காக அடி வாங்கிய மாணவி ஒருத்தியைப் பற்றி அவளுடைய ஆசிரியை சொல்லுவதாக அமைந்தது. அது துன்பக் கதை என்பதை முன்கூட்டியே சொல்லித்தான் நான் அதைக் கொடுப்பது வழக்கம்.

இனி, எங்கள் நகரத்திற்கே உரிய நாவல் ஒன்றைச் சொல்ல வேண்டும். அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். இருபது வயது கடந்த பின்னரே சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 1977இல் வெளிவந்த அவருடைய ‘பதினெட்டாவது அட்சக்கோடு’, இவ்வூர்த் தமிழ்க் குடும்பத்து இளைஞன் சந்திரசேகரனின் கதை. அவன் கிரிக்கெட் விளையாடுகிறான்; கல்லூரிக்குச் செல்கிறான்; அண்டை வீட்டாரோடு பூசலும் நட்பும் கொள்கிறான். அவனைச் சுற்றி 1947, 1948ஆம் ஆண்டுகளின் ஹைதராபாத் கொந்தளிக்கிறது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து, நிஜாமின் ஆட்சி முடிவுறும் நாட்கள் அவை. அவன் வீரன் அல்லன், தலைவனும் அல்லன். யார் பக்கம் நிற்பது என்று அறியாமல் தத்தளிக்கும் ஒரு மாணவன். முடிவு கடுமையானது, பதினாறு வயதுக்குமுன் கொடுக்கத் தக்கதன்று என்பது என் கருத்து.

அந்நாவலை நான் படித்துக்கொண்டிருந்தபோது என் தெலுங்குத் தோழி ஒருத்தி, அது என்ன கதை என்று கேட்டாள். ‘உன் ஊர்க் கதை’ என்றேன். அவள் நம்பவில்லை. நாள்தோறும் மதிய உணவு வேளையில் ஒவ்வோர் அத்தியாயமாக அவளுக்குத் தெலுங்கில் சொல்லி வந்தேன். நான்காம் நாள் கேட்போர் அறுவராயினர். அவர்களுள் இருவர், அக்காலத்தைப் பற்றித் தம் வீட்டு முதியோரிடம் கேட்டுவந்து, நாவலில் இல்லாத செய்திகளை எனக்குச் சொன்னார்கள். என் ஊரைப் பற்றி என் ஊராருக்குச் சொல்ல ஒரு செய்தி என் வீட்டு மொழியில் இருந்தது! தமிழ் படிப்பதால் என்ன பயன் என்று என்னைக் கேட்போர்க்கு நான் சொல்லும் விடை இதுவே. அதுவரை நான் இந்நகரில் பிறர் மொழியைக் கற்றுக்கொள்பவளாகவே இருந்தேன். அன்று கொடுப்பவளும் ஆனேன்.

ஒரு நாவலைப் பரிந்துரைப்பதும் ஒரு கலை என்றே கருதுகிறேன். ‘இது சிறந்த நூல், படி’ என்றால் ஒருவரும் படியார். முதலில் கேட்க வேண்டும்: துப்பறியும் கதை பிடிக்குமா, விலங்குகள் பிடிக்குமா, அழ வைக்கும் கதை பிடிக்குமா என்று. பிறகு ஒரு நூலை மட்டும் கொடுக்க வேண்டும். முப்பது பக்கம் படித்தும் மனம் ஒட்டவில்லையெனில் திருப்பித் தரலாம் என்ற விடுதலையையும் கொடுக்க வேண்டும். இந்த விடுதலை இருப்பதனாலேயே பலர் முப்பதாம் பக்கத்தைக் கடந்து விடுகிறார்கள். முடித்தவுடன் தேர்வு வைக்கலாகாது. ‘யாரை உனக்குப் பிடித்தது?’ என்ற ஒரு கேள்வி போதும். மற்றவை தாமே வரும்.

பெரியோர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு உங்களிற் பலர் செல்கிறீர்கள். உறவினர்கள் சார்மினார் விரைவு வண்டியில் அப்பளமும் ஊறுகாயும் கொண்டு வருகிறார்கள். அந்தப் பையில் ஒரு நாவலும் இருக்கட்டும். ஆனால் எந்த நாவல் என்பதை எங்களைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் தேர்ந்தது உங்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். இயந்திர நாயாக இருக்கலாம், பேயாக இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். பேய்க்கதையைத் தமிழில் விரும்பிப் படித்தவன் பின்னொரு நாள் அசோகமித்திரனிடம் வந்து சேர வழி உண்டு. ஒன்றையும் விரும்பிப் படியாதவனுக்கு அந்த வழி இல்லை.

என் வயதுடைய நேயர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்குப் பிடித்த தமிழ் நாவலை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். உங்கள் நகரில் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு தோழனோ தோழியோ கட்டாயம் இருப்பார். இந்த மாதத்திற்குள் அவர் கையில் ஒரு நாவலைக் கொடுங்கள். என் தோழி ஜீனோவைத் தன் தம்பியிடம் கொடுத்திருக்கிறாள். அவன் இப்போது நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறான்.