பயிற்றுவிப்போரும் நீக்குவோரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேசுவதற்குப் புலவர் பெருமக்கள் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகக் கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் எழுத்தனாகிய என்னைப் பேச அழைத்தபோது நான் தயங்கினேன். "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று, பணியாளர்களுக்குரிய விதிகள்; மற்றொன்று, ஹாக்கி ஆட்டம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட ஒரு நிகழ்ச்சியையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், இந்திய ஆடவர் ஹாக்கி அணியின் தலைமைப் பயிற்சியாளர் ரோலண்ட் ஓல்ட்மன்ஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் நெதர்லாந்து நாட்டவர். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும், 1998இல் உலகக் கோப்பையிலும் தம் நாட்டு ஆடவர் அணியை முதலிடம் பெறச் செய்தவர். 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயர்திறன் இயக்குநராக இந்தியாவுக்கு வந்தார். 2015இல் பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றார். ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் நம்மிடையே பணியாற்றினார். அயல்நாட்டுப் பயிற்சியாளர் எவரும் அத்தனை காலம் இங்கே நிலைத்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக் வரை அவரே இருப்பார் என்று நாமெல்லாம் எண்ணியிருந்தோம். தில்லியில் குழு கூடியது. மூன்றாம் நாள் அவர் இல்லை.

அந்த வாரம் முழுவதும் எங்கள் நண்பர் குழாத்தில் வேறு பேச்சே கிடையாது. மாட்டுங்காவில் காப்பி அருந்தும்போதும் அதுவே, குர்லாவில் வண்டி மாறும்போதும் அதுவே. செம்பூரில் வாழும் வங்கி அலுவலர் ஒருவர் நீக்கத்தை முழுமனத்தோடு ஆதரித்தார். "லண்டனில் என்ன நடந்தது? அந்த ஜூன் மாதத்தில் மலேசியாவிடம் 3க்கு 2 என்று தோற்றோம். அடுத்து கனடாவிடமும் அதே கணக்கில் தோற்றோம். கனடா பனிக்கட்டியின் மேல் ஆடும் ஹாக்கிக்குப் பேர்போன நாடு. புல்தரையிலும் அதனிடம் தோற்பதற்கா அயல்நாட்டு நிபுணர்?" என்று அவர் கேட்டார். மறுக்க இயலாத கேள்விதான்.

தாராவியிலிருந்து வரும் நண்பரோ ஓல்ட்மன்ஸின் பக்கம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். கோவில்பட்டித் திடல்களில் ஹாக்கி பார்த்து வளர்ந்தவர். "அண்ணாச்சி, அதே லண்டனில் பாகிஸ்தானை 7க்கு 1 என்றும், 6க்கு 1 என்றும் வீழ்த்தினோமே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஆகஸ்டில் இளைஞர்களை அழைத்துச்சென்று நெதர்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே இருமுறை வென்றாரே!" என்று அவர் பட்டியலை விரிப்பார். 2015இல் ராய்ப்பூரில் வெண்கலம். 2016இல் லண்டன் சாம்பியன்ஸ் கோப்பையில் வெள்ளி. அதே ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் தங்கம். ரியோ ஒலிம்பிக்கைச் செம்பூர் நண்பர் நினைவூட்டுவார். அங்கே காலிறுதியில் பெல்ஜியத்திடம் தோற்று எட்டாம் இடத்தில் நின்றோம். "2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் நின்றது எங்கே? பன்னிரண்டாம் இடம், கடைசி இடம்! பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு வந்தது ஏற்றமா, இறக்கமா?" என்பார் தாராவியார்.

மாட்டுங்காவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எட்டுத் தங்கம் வென்ற நாட்டில் எட்டாம் இடத்தைப் பற்றி இவ்வளவு வாதமா?" என்று ஒரே வாக்கியத்தில் இருவரையும் அடக்கிவிட்டார். 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு முறை, பின்னர் 1964, இறுதியாக 1980இல் மாஸ்கோ. அந்த மாஸ்கோ அணிக்குத் தலைமை தாங்கியவர் நம் வாசுதேவன் பாஸ்கரன் என்பதைச் சொல்லாமல் எந்தத் தமிழனும் ஹாக்கிப் பேச்சை முடிக்கமாட்டான், நானும் முடிக்கப்போவதில்லை.

நான் எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். ஒரு பயிற்சியாளரை நீக்குவதே தவறு என்று நான் கூறவில்லை. வெற்றிக்காகவே அமர்த்தப்பட்டவர், வெற்றி வராவிடில் விலகத்தான் வேண்டும். என் ஐயம் வேறு. அன்று குழுவின் சார்பில் பேசியவர் ஹர்பிந்தர் சிங். 1964இல் டோக்கியோவில் தங்கம் வென்ற வீரர். நம் ரயில்வே அணிக்காக ஆடிய பெருமகன். ஆகவே அவர் பக்கமே சாய வேண்டும் என்பது என் குலதருமம். அவர் கூறிய காரணத்தின் சாரம் யாதெனில், வீரர்களின் உடல்வலிமை பெருகியது உண்மையே. ஆயினும் ஆங்காங்கே கிட்டும் வெற்றி போதாது, ஆசிய அளவிலான வெற்றிகளை இனி அளவுகோலாகக் கொள்ள இயலாது என்பதாம்.

நல்லது. ஆனால் அந்த அளவுகோலை எப்போது வரைந்தார்கள்? 2016 அக்டோபரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையோடு அணி திரும்பியபோது அதே வெற்றிக்கு மாலையும் பாராட்டும் கிடைத்தன. பத்து மாதங்களுக்குப் பின், அதே வெற்றி கணக்கில் சேராது என்கின்றனர். எங்கள் அலுவலகத்தில் இது செல்லாது. ரயில்வே ஊழியர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் 1968 என்று ஒரு நூல் எங்கள் மேசையில் கிடக்கும். ஒரு கலாசியைப் பணிநீக்கம் செய்ய வேண்டுமானாலும், அவன் மீதுள்ள குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் எழுத 10 நாள் அவகாசம் தர வேண்டும். அவன் மறுத்தால் விசாரணை நடத்த வேண்டும். தண்டனைக்குப் பின் மேல்முறையீடும் உண்டு. ஒப்பந்தத்தில் வந்த பயிற்சியாளருக்கு இவ்விதிகள் பொருந்தா என்பதை அறிவேன். விதியின் எழுத்து பொருந்தாது. அதன் உட்கருத்து பொருந்தாதா? ஆண்டின் தொடக்கத்திலேயே "இன்ன போட்டியில் இன்ன இடம் பெற வேண்டும், இல்லையேல் நீர் விலக வேண்டும்" என்று எழுதி, ஊரறிய வைத்திருந்தால் எங்கள் நண்பர்கள் ஒரு வாரம் தொண்டை வறளச் சண்டையிட்டிருக்க வேண்டியதில்லை.

இது ஓல்ட்மன்ஸ் ஒருவருடைய கதையுமன்று. 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில், 32 ஆண்டுகளுக்குப் பின் நாம் தங்கம் வென்றோம். அணித் தலைவர் தன்ராஜ் பிள்ளை. நமக்கு அண்டையிலுள்ள கட்கியில் பிறந்த தமிழர். பயிற்சியாளர் எம். கே. கௌசிக், தாமும் மாஸ்கோவில் தங்கம் வென்றவர். நாடு திரும்பியதும் தன்ராஜ் உள்ளிட்ட மூத்த வீரர்கள் சிலர் ஒதுக்கப்பட்டனர், கௌசிக்கும் நீக்கப்பட்டார். தோற்றதற்காக நீக்குவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். வென்றதற்காக நீக்கிய அதிசயம் அது! அப்போது பள்ளி மாணவனாயிருந்த நான் செய்தித்தாளை மறுபடி மறுபடி படித்தேன், அச்சுப்பிழையோ என்று.

2002இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பைப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே செட்ரிக் டிசோசா விலக்கப்பட்டார். அணி பத்தாம் இடம் பெற்றது. ரஜிந்தர் சிங் 2001இல் இளையோர் உலகக் கோப்பையையும், 2003இல் முதன்முறையாக ஆசியக் கோப்பையையும் வென்று தந்தார். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் அவரும் நீக்கப்பட்டார். ஜெர்மனியிலிருந்து கெர்ஹார்டு ராக் வந்தார். வீரர்களின் பெயரைப் பழகிக்கொள்ளவே அவருக்கு நேரம் போதாது. ஏழாம் இடம். தன்ராஜின் நான்காவது ஒலிம்பிக் அவ்வாறு முடிந்தது. 2014இல் டெர்ரி வால்ஷ் ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றுத் தந்த சில வாரங்களில் ஒப்பந்தப் பிணக்கால் வெளியேறினார். அடுத்து வந்த பால் வான் ஆஸ், ஹாக்கி இந்தியாவின் தலைவரோடு எழுந்த மனத்தாங்கலால் சில மாதங்களிலேயே போனார். ஓல்ட்மன்ஸ் அந்நாற்காலியில் அமர்ந்ததே அவ்வாறுதான்.

பயிற்சியாளர்களுக்காக நான் மிகவும் வருந்துவதில்லை. அவர்களுக்கு வேறு நாடு, வேறு அணி உண்டு. ஓல்ட்மன்ஸே 2018இல் பாகிஸ்தான் அணிக்குப் பயிற்சியாளராகச் சென்றார். வருத்தம் வீரனைப் பற்றியது. என் தமக்கை மகன் ஒருவன் ஊரில் ஹாக்கி ஆடுவதில் வல்லவனாயிருந்தான். ஒரு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஹாக்கி மட்டை வாங்க நான் இங்கிருந்து பணம் அனுப்பினேன். அங்கே மூன்று ஆண்டுகளில் நான்கு பயிற்சியாளர்கள் மாறினர். முதலாமவர் அவனை நடுத்தடுப்பு ஆட்டக்காரனாக்கினார். இரண்டாமவர், "உனக்கு ஓட்டம் இருக்கிறது, முன்னணிக்குப் போ" என்றார். மூன்றாமவர் அவன் மட்டை பிடிக்கும் முறையே பிழை என்று கூறி, முதலிலிருந்து தொடங்கச் செய்தார். நான்காமவர் வந்த அன்று, "நீ எந்த இடத்தில் ஆடுபவன்?" என்று வினவ, பையனுக்கு விடை தெரியவில்லை. விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஆலையில் கணக்கெழுதுகிறான். அவனுக்கு அதில் குறையொன்றுமில்லை. அந்த மட்டையைப் பார்க்கும்போதெல்லாம் என் தமக்கைக்குத்தான் குறை.

ஓல்ட்மன்ஸ் நீக்கத்திற்குப் பின் நடந்தவற்றையும் ஒளிக்காமல் கூறவேண்டும். பெண்கள் அணியின் பயிற்சியாளராயிருந்த சோர்டு மரைனை ஆடவர் அணிக்கு மாற்றினர். அடுத்த மாதமே டாக்காவில் ஆசியக் கோப்பையை வென்றோம். "பார்த்தீர்களா?" என்றார் செம்பூர் நண்பர். "ஆசிய வெற்றி கணக்கில் சேராது என்றீர்களே!" என்றார் தாராவியார். 2018 ஏப்ரலில் காமன்வெல்த் விளையாட்டில் நான்காம் இடம் வந்ததும், மரைனை மீண்டும் பெண்கள் அணிக்கே அனுப்பி, அங்கிருந்த ஹரேந்திர சிங்கை இங்கே கொணர்ந்தனர். ஹரேந்திரர் 2016இல் லக்னோவில் இளையோர் உலகக் கோப்பையை வென்று தந்தவர். புவனேசுவரத்தில் உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்திடம் 2க்கு 1 என்று தோற்றதும், 2019 ஜனவரியில் அவரும் நீக்கப்பட்டார்.

பிறகு ஆஸ்திரேலியரான கிரகாம் ரீட் வந்தார். அவரை எவரும் அசைக்கவில்லை. நோய்த்தொற்றால் ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போயிற்று, அப்போதும் அசைக்கவில்லை. 2021 ஜூலை 25ஆம் நாள் டோக்கியோவில் ஆஸ்திரேலியாவிடம் 7க்கு 1 என்று தோற்றோம். அன்றிரவு தில்லியில் மூன்று நாள் கூட்டம் ஒன்று கூடாதிருந்தது நாம் செய்த தவப்பயன்! ஆகஸ்டு 5ஆம் நாள், ஜெர்மனியிடம் 3க்கு 1 என்று பின்தங்கியிருந்த நம்மவர், 5க்கு 4 என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம் பெற்றனர். கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரை ஸ்ரீஜேஷ் தடுத்தபோது எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் நாற்காலியில் இல்லை. மேலதிகாரியும் இல்லை, ஆகையால் விளக்கம் கேட்க ஆளில்லை. ஆண்களிடமிருந்து மாற்றப்பட்ட அதே மரைன், அதே டோக்கியோவில் பெண்கள் அணியை அரையிறுதி வரை அழைத்துச்சென்றார். பாங்காக் தங்கத்தை வென்று தந்த கௌசிக் மட்டும் இதைக் காண இல்லை; அவ்வாண்டு மே மாதம் கொரோனா அவரைக் கொண்டுசென்றுவிட்டது.

அந்தப் பதக்கம் யாருடையது என்று எங்கள் நண்பர்கள் மீண்டும் தொடங்கினர். ரீடுடையது என்றார் ஒருவர். ஸ்ரீஜேஷ், மன்பிரீத், ஹர்மன்பிரீத் ஆகிய மூவரும் ரியோவில் ஓல்ட்மன்ஸிடம் ஆடியவர்கள் என்றார் மற்றவர். ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் போட்ட சிம்ரன்ஜித் சிங் லக்னோவில் ஹரேந்திரரின் பிள்ளை என்றார் ஆசிரியர். மூவர் கூற்றும் உண்மையே. ஆனால் ஒரு கேள்வியை மூவரும் கேட்கவில்லை. 2014 நவம்பரில் வால்ஷ் சென்றது முதல் 2019 ஏப்ரலில் ரீட் வந்தது வரை, அந்த நாற்காலியில் நால்வர் அமர்ந்து எழுந்தனர். அந்நால்வரையும் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? நால்வரும் தகுதியற்றவர் என்றால் தேர்ந்தோரின் தகுதி என்னாயிற்று? தகுதியுள்ளவர் என்றால் நீக்கியது எதற்கு? இவ்விரண்டில் ஒன்றுக்கேனும் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று எங்கள் அலுவலகமாயிருந்தால் கேட்டிருப்போம். கோப்பில் அந்தப் பக்கம் மட்டும் இன்றுவரை வெறுமையாகவே இருக்கிறது.

2023இல் உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் தோற்றபின் ரீட் தாமாகவே விலகினார். அடுத்து வந்த கிரெய்க் ஃபுல்டன் அதே ஆண்டு ஆசிய விளையாட்டில் தங்கமும், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 2க்கு 1 என்று வென்று மீண்டும் வெண்கலமும் பெற்றுத் தந்தார். அவரைப் பற்றிய வாதத்தை எங்கள் நண்பர்கள் இன்னும் தொடங்கவில்லை. முதல் தோல்வி வரட்டும் என்று செம்பூர் நண்பர் காத்திருக்கிறார்.

திரைக்குப் பின்னால் நாடகக் குழுவினர் அரிதாரம் பூசி முடித்துவிட்டதாகச் செயலாளர் எனக்குச் சைகை காட்டுகிறார். சர்ச்கேட் நிலையத்தருகே மகிந்திரா திடலில் ஆட்டம் நடக்கும் நாட்களில் நாங்கள் நால்வரும் அங்கேதான் இருப்போம். வாதத்தில் ஐந்தாமவராகச் சேர விரும்பும் அன்பர் எவராயினும் வரலாம்.