மெஷினில் எழுதியுள்ள எண்கள்

  

சுவீடன் என்று ஒரு நாடு. குளிர் மிகுந்த நாடு. அங்கே ஹான்ஸ் ரோஸ்லிங் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1948-ல் பிறந்தவர். அவருக்கு 4 வயதானபோது வீட்டுக்குத் துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. அம்மாவும் அப்பாவும் பல ஆண்டுகள் பணம் சேர்த்து வாங்கினார்கள். முதல் நாள் பாட்டியும் வந்தார். பாட்டி விறகு மூட்டித் தண்ணீர் காய்ச்சி, 7 பிள்ளைகளின் துணியைக் கையால் துவைத்தவர். அதனால் பொத்தானை அவரே அழுத்தினார். துணி துவைத்து முடியும்வரை அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மாவோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனார். இதை ரோஸ்லிங் 2010-ல் ஒரு மேடையில் சொன்னார்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து ஊர்களிலும் இன்று பல வீடுகளில் மெஷின் இருக்கிறது. துணி அலக்குகிற கல் பாசி பிடித்துக் கிடக்கிறது. ஆனால் மெஷினில் உள்ள எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம். தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. எண்கள் மட்டும் எல்லோருக்கும் பொது. நீங்கள் எண் படிக்கத் தெரிந்தவர்கள். அதை வைத்தே பாதி வேலையை முடிக்கலாம்.

முதலில் இரண்டு தொட்டி மெஷினைப் பார்ப்போம். ஒரு தொட்டியில் துவைக்கும். இன்னொரு தொட்டியில் பிழியும். துவைக்கும் திருகில் 3, 6, 9, 12, 15 என்று எண்கள் இருக்கும். இவை நிமிடங்கள். பலர் எந்தத் துணி போட்டாலும் திருகை 15 வரை திருப்பிவிடுகிறார்கள். நேரம் கூடினால் வெளுப்பும் கூடும் என்று நினைப்பு.

அது சரியா? மெஷினுக்குள் துணியும் துணியும் உரசுகின்றன. தண்ணீர் சுழன்று இழுக்கிறது. மெஷினில் உள்ள சிறிய வலைப்பையைக் கழற்றிப் பாருங்கள். அதில் பஞ்சு சேர்ந்திருக்கும். அது யாருடைய பஞ்சு? உங்கள் சேலையின் பஞ்சு, உங்கள் முண்டின் பஞ்சு. வீணாக ஓடும் ஒவ்வொரு நிமிடமும் துணி தேய்கிறது.

அழுக்குக்குத் தேவை ஊறும் நேரம். சோப்புத் தண்ணீரில் துணி அரை மணி நேரம் ஊறட்டும். அப்போது மெஷின் ஓட வேண்டாம். மின்சாரமும் வேண்டாம். அதன் பிறகு ஓட்டும் நேரம் பாதியாகக் குறையும். ஒரு நாள் உடுத்த சாரம், நைட்டி, சட்டைக்கு 5 அல்லது 6 நிமிடம் போதும். பள்ளிச் சீருடையின் காலரில் முதலில் கட்டி சோப்பைத் தேய்த்துவிடுங்கள். பிறகு 6 நிமிடம். படுக்கை விரிப்பு, தடித்த துண்டு, வேலைக்குப் போட்ட துணி, இவற்றுக்கு மட்டும் 12 முதல் 15.

தொட்டியைத் திணித்து நிரப்பாதீர்கள். துணி புரள இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் 15 நிமிடம் ஓடினாலும் நடுவில் இருக்கும் துணி அழுக்காகவே வெளியே வரும்.

சில கறைகளுக்கு எந்த எண்ணும் உதவாது. வாழைக்கறை அப்படிப்பட்டது. காய்ந்து கறுத்துவிட்டால் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் போகாது. வாழை வெட்டப் போகும்போது பழைய துணி உடுத்துவதுதான் வழி. ரப்பர் பால் துணியில் காய்ந்தால் ரப்பராகவே ஒட்டிக்கொள்ளும். அதைக் கையால் உரித்து எடுத்த பிறகே துவையுங்கள். ரப்பர் வெட்டுக்குப் போட்ட சட்டையைப் பிள்ளைகளின் சீருடையோடு சேர்த்துப் போடாதீர்கள்.

இனி நம் பக்கத்துச் சொத்து ஒன்று. பாலராமபுரம் கைத்தறி. பாலராம வர்மா மகாராஜா 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்டார். அவர் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து அங்கே குடியமர்த்தினார்கள். அவர்கள் நெய்த வெள்ளை முண்டும் கசவுக் கரையும் இன்றும் பேர்பெற்றவை. 2009-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் ஆசையாக வாங்குகிறோம். அதைக் கொண்டுபோய் ஜீன்ஸ் பேன்ட்டோடு 15 நிமிடம் சுழற்றினால் என்ன ஆகும்? பேன்ட்டின் ஜிப் கசவு இழையை இழுக்கும். கரை சுருங்கும். நெய்தவர் கண்டால் மனம் நோவார். கசவு முண்டைக் கையால், குளிர்ந்த நீரில், கொஞ்சம் சோப்பில் அலசுங்கள். மெஷினில்தான் போட வேண்டும் என்றால் தனியாக ஒரு துணிப்பையில் கட்டிப் போடுங்கள். 3 நிமிடம் போதும். வெளுப்பு மருந்து ஊற்றக் கூடாது. கசவு கறுத்துவிடும். முறுக்கிப் பிழியவும் கூடாது. நிழலில் விரித்துப் போடுங்கள்.

அடுத்து, முன்பக்கம் கதவு உள்ள தானியங்கி மெஷின். இதில்தான் எண்கள் ஏமாற்றும். 30, 40, 60 என்று எழுதியிருக்கும். பக்கத்தில் மேலே ஒரு சின்ன வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நிமிடம் அல்ல. அது சூடு. 60 என்று வைத்தால் ஒரு மணி நேரம் என்று பொருள் இல்லை. தண்ணீர் கை பொறுக்காத அளவுக்குச் சூடாகும் என்று பொருள். சாயத் துணியின் சாயம் இறங்கிவிடலாம். 800, 1000, 1200 என்றால் பிழியும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு.

சூட்டுக்குக் காசும் ஆகும். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். தண்ணீர் காய்ச்சும் பகுதி 2000 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் 1 யூனிட் போய்விடும். இரண்டு தொட்டி மெஷின் 400 வாட் என்றால், 15 நிமிடம் ஓடினாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். அன்றாடத் துணிக்குக் குளிர்ந்த நீரே போதும். நோயாளியின் விரிப்பு, குழந்தையின் மலம் பட்ட துணி, இவற்றுக்குச் சூடு வையுங்கள்.

'குயிக்' என்ற எழுத்துக்கு 15 முதல் 30 நிமிடம். அழுக்குக் குறைந்த நாலைந்து துணிக்கு அது சரி. 'காட்டன்' என்று வைத்தால் பல மெஷின்களில் 2 மணி நேரம்கூட ஓடும். 'டெலிகேட்' மென்மையான துணிக்கு. இந்த மூன்று சொற்களின் வடிவத்தையும் ஒரு தாளில் பார்த்து எழுதி மெஷின் மேல் ஒட்டிவையுங்கள். பக்கத்திலேயே தமிழில் பொருள் எழுதுங்கள். வீட்டில் உள்ள ஆண்களும் அதைப் படித்துத் திருகைத் திருப்பலாம். கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

இங்கே இடவப்பாதியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. துணி காயாமல் நாற்றம் எடுக்கும். அப்போது துவைக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டாம். பிழியும் திருகை 5 வரை திருப்புங்கள். தொட்டி முழுவதும் நின்ற பிறகே உள்ளே கை விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கியிருந்தால், வெள்ளைத் துணியை அன்று ஒதுக்கி வையுங்கள். தண்ணீர் தெளிந்த பிறகு துவைக்கலாம்.