லேசான டயர் வாங்கலாமா? ஒலக்கூர் ஜல்லி ரோட்டில் கற்றது

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அண்ணா, கிராஸ் கன்ட்ரி ரேஸுக்கு இருக்கிறதுலயே வெயிட் கம்மியான டயர் எது?" ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிடலாம். ஆனா இதே கேள்விக்கு நான் ஒருமுறை தப்பா பதில் சொன்னேன். அதுல நஷ்டப்பட்டது நான் இல்லை, என் தங்கச்சி.

எங்க ஊர் ஒலக்கூர். சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. மலையெல்லாம் கிடையாது. ஏரிக்கரை, சவுக்குத் தோப்பு, சீமைக்கருவேலங்காடு, சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிக்குப் போகும் ஜல்லி ரோடு. இதிலேயே ஓட்டி ஓட்டித்தான் அவ ரேஸுக்குத் தயாரானா. ஜூனியர் பிரிவில் அது அவளுக்குக் கடைசி வருஷம். சைக்கிளைப் பார்த்துக்கிறது என் பொறுப்பு.

சைக்கிளோடு வந்த டயரைக் கழற்றி மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். ஒன்று 850 கிராம். விளிம்பில் இரும்புக் கம்பி வைத்த, மடிக்க முடியாத டயர். கடைக்கார மாமா "என்னடா, டயரெல்லாம் கிலோ கணக்குலயா விக்கிற?"ன்னு சிரிச்சார். என் சம்பளத்தில் மூணில் ஒரு பங்கைப் போட்டு 590 கிராம் டயர் ரெண்டு வாங்கினேன். அதே டயர், பக்கச் சுவர் பலப்படுத்தினது, 740 கிராமில் இருந்தது. விலையும் கிட்டத்தட்ட அதேதான். எனக்கு 740 என்ற எண்ணே பிடிக்கலை.

ரேஸில் நாலு சுற்று. மூணாவது சுற்றில் அவ நாலாவது இடத்தில் போய்க்கிட்டிருந்தா. நான் தண்ணி பாட்டிலோடு காத்திருந்தேன். அஞ்சாவதா வர வேண்டிய பொண்ணு போச்சு, ஆறாவது போச்சு, இவளைக் காணோம். கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தா. பின் டயரின் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கிழிசல். உள்ளே ஊற்றியிருந்த சீலன்ட் கள்ளிப்பால் மாதிரி காலெல்லாம் வழிஞ்சிருந்தது. அவ அழலை. "முள்ளு குத்தலைண்ணா. கல்லு கிழிச்சிடுச்சு"ன்னா. அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. நம்ம ஊரில் டயருக்கு எதிரி ரெண்டு பேர். ஒருத்தன் முள். சீமைக்கருவேல முள் எந்த டயரையும் குத்தும், அது 590 கிராமா 740 கிராமா என்று பார்க்காது. அதுக்கு மருந்து எடை இல்லை, டியூப்லெஸ். ட்யூபை எடுத்துவிட்டு ரப்பர் பால் கலந்த சீலன்ட் ஊற்றினால், முள் போட்ட ஓட்டையை அதுவே அடைச்சிடும். முள்ளைப் பிடுங்கினதும் ஓட்டை கீழே வர்ற மாதிரி வீலைத் திருப்பி ரெண்டு நிமிஷம் வைக்கணும், அவ்வளவுதான்.

இன்னொருத்தன் ஜல்லி. உடைச்ச கருங்கல்லின் விளிம்பு கத்தி மாதிரி. அது தரையில் படும் பகுதியை விட்டுட்டு, மெல்லிசா இருக்கும் பக்கச் சுவரைத்தான் கிழிக்கும். அந்தக் கிழிசலை சீலன்ட் அடைக்காது. சின்னதா இருந்தா பிளக் திரியைத் திணிச்சுப் பார்க்கலாம், பக்கச் சுவரில் அதுவும் சரியா நிக்காது. மிக லேசான டயரில் கம்பெனிக்காரன் எடையைக் குறைக்கிறது பெரும்பாலும் அந்தச் சுவரில்தான். நான் முள்ளைப் பற்றியே யோசிச்சு, கல்லுக்கு வழி விட்டிருக்கேன்.

இப்போ அந்த 300 கிராமுக்கு உண்மையில் என்ன கிடைக்கும்னு கணக்கு போடுவோம். அவளும் சைக்கிளும் சேர்த்து 64 கிலோ. அதில் 300 கிராம் அரை சதவீதம்கூட இல்லை. பத்து நிமிஷ ஏற்றத்தில் மிச்சமாகிறது மூணு விநாடிக்குள். "சுத்துற எடை டபுள்"னு சொல்வாங்க. வேகம் எடுக்கும்போது மட்டும் அது உண்மை, அதுக்கு மேல இல்லை. டயர் கிழிஞ்சு ட்யூப் மாட்ட ஆகிறது அஞ்சு நிமிஷம், கை நடுங்காம இருந்தா.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் பார்த்திருப்பீங்க. டாம் பிட்காக் நடுவில் முன் வீல் பஞ்சராகி, அரை நிமிஷத்துக்கும் மேல இழந்து, அப்புறமும் தங்கம் வாங்கினார். ஆமா, ஆனா அவருக்குப் பிட்டில் ரெடியா வேற வீல் இருந்தது. நமக்கு யாரு வீலைக் கையில் வச்சுக்கிட்டு நிக்கிறா?

அதுக்காகத் தடியான டயராப் பார்த்து வாங்குங்கன்னு சொல்லலை. எடையை எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது என்பதுதான் பேச்சு. கம்பி டயரிலிருந்து மடிக்கிற டயருக்கு வாங்க, தாராளமா குறையும். 29 இன்ச் ட்யூப் ஒன்று சுமார் 200 கிராம், சீலன்ட் சுமார் 100. அங்கே வீலுக்கு 100 கிராம் மிச்சம். அந்த மிச்சத்தைப் பக்கச் சுவருக்குக் கொடுத்துடுங்க. மாக்ஸிஸில் எக்ஸோ என்று போட்டிருக்கும், ஸ்வால்பேயில் சூப்பர் ரேஸை விட சூப்பர் கிரவுண்ட் கனமானது, உறுதியானது. டயர் பெயரை விட அந்தச் சின்ன எழுத்தைப் படிங்க.

காற்று இன்னொரு இலவச மாற்றம். ட்யூப் இருந்தப்போ அவளுக்கு 30 பிஎஸ்ஐ வைப்பேன், குறைச்சா ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிடும். டியூப்லெஸ்ஸில் முன்னாடி 18, பின்னாடி 20. இது 52 கிலோ ஆளுக்கு, உங்க எடைக்குக் கூட்டிக்கங்க. ஜல்லியில் குதிக்காம ஒட்டிக்கிட்டே போகும். பஞ்சர் கடை மீட்டரை நம்பாதீங்க, இவ்வளவு கம்மியான காற்றை அது சரியாகக் காட்டாது. சின்ன டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கிக்கங்க.

பட்டன் விஷயம் சுருக்கமா. முன்னாடி பிடிப்பு, பின்னாடி வேகம். மழைக்காலத்தில் ஏரிக்கரைக் களிமண் அப்பிக்கும், அப்போ பட்டன் இடைவெளி அதிகமுள்ள டயர்.

2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் பொன்முடியில் நடந்தது. எங்க மாவட்டத்தில் பொன்முடின்னா வேற ஒருத்தர் ஞாபகம் வருவார், நான் சொல்றது திருவனந்தபுரம் பக்கத்து மலை. அந்த வீடியோக்களைத் தங்கச்சிதான் எனக்குப் போட்டுக் காட்டினா. யார் என்ன டயர்னு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பா.

இப்போ டயரை அவளே தேர்ந்தெடுக்கிறா. போன மாசம் வாங்கினது 740. நான் வாயே திறக்கலை. நம்ம வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ஞ்சிடும், அதனால ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றிக் குச்சி விட்டுப் பார்த்து ஊற்றுறது மட்டும் இன்னும் என் வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதுக்கு முறை.